பெட்டியில் ஒரு குழி காலி

போன வாரம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். ஸ்டோர் கிளாக்கராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். "ஐயா, தோட்டத்துத் துவக்கு மூணும் என் பொறுப்புல குடுத்துட்டாங்க. தொடைக்க என்ன சாமான் வாங்குறதுன்னு தெரியல. போன்ல தேடிப் பாத்தா தலை சுத்துது" என்றார்.

அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். மூட்டு இல்லாத ஒரே கோல். குழலின் இரும்பைவிட மிருதுவான பொருளில் செய்ததாக இருக்கட்டும். குழலின் அளவுக்கே ஆன புருசு, பழைய பருத்தித் துணி, துவக்குக்கென்றே விற்கிற எண்ணெய். தொடுவதற்கு முன் தோட்டா இல்லையென்று பார்ப்பதை உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான். அவரும் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த பிறகு மனது கேட்கவில்லை. அந்த அரை நிமிடத்தைப் படித்து முடிக்க எனக்கு ஏழு வருடம் எடுத்தது. சாமான் தெரியாததால் அல்ல. சாமானைத் தேர்ந்தெடுத்தது என் கண் இல்லை, என் வயிற்றெரிச்சல். இதை அவருக்குச் சொல்லவில்லை. துவக்கு அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியப்போகிற உங்கள் எல்லாருக்குமாக இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஸ்டோர் கிளாக்கராக இருந்தவன். உரம், கவ்வாத்துக் கத்தி, கொழுந்துச் சாக்கு, மருந்து பம்பு எல்லாம் என் சாவிக்குள். அவற்றோடு இரட்டைக் குழல் துவக்கு மூன்று. மலையில் காட்டுப்பன்றி இறங்கினால் வாட்சர்மார் கையெழுத்து வைத்து எடுத்துப் போவார்கள். வருடா வருடம் லைசன்ஸ் புதுப்பிக்க நான்தான் கொண்டுபோவேன். அந்த மூன்றும் எனக்கு மற்றச் சாமான் மாதிரி இல்லை. உரமூட்டைக்குப் பொறுப்பான மனிதனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துவக்குக்குப் பொறுப்பானவன் நடந்துபோனால் தெருநாய்கூடக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் என்பது என் எண்ணம். நாய்களிடம் கேட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுத்துக் காயம் கட்டுகிற டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்து மனிதர். என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். எல்லாரும் அவரை டாக்டரய்யா என்பார்கள். அவர் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர்தான். இந்தத் திருத்தத்தைக் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். பொறாமையைப் பற்றி நான் கொஞ்சம் வாசித்தவன். என்ன வசதி என்றால், எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பொறாமைக்காரன் வேறு யாரோவாகத்தான் இருக்கிறான்.

ஆரம்பம் தேங்காய் எண்ணெயில். துவக்கு எண்ணெய் தீர்ந்துபோன ஒரு மாதம், வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து மூன்றையும் பளபளவென்று ஆக்கி வைத்தேன். மார்கழி மாதம், மடுல்சீமைக் குளிர். அடுக்களையில் என் கண்ணெதிரே அந்த எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாக நிற்கிறது. துவக்குக்குள் போனதும் அது எப்படி ஓடும் என்று நினைத்தேனோ தெரியாது. தோட்டத்து மனேஜரான பெரிய துரை அதிலொன்றை எடுத்துப் பன்றிக்குக் குறிவைத்து விசையை இழுத்தார். முனகல் மாதிரி ஒரு சத்தம். அதோடு சரி. பன்றி நின்று பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

துரை அந்தத் துவக்கை ஆபீஸ் மேசையில் போட்டபோது டிஸ்பென்சர் ஏதோ கையெழுத்துக்காக அங்கே வந்திருந்தார். எடுத்து மூக்கருகே பிடித்தார். "ஆற்றை தலைக்கு வைக்கிற எண்ணெய் இது?" என்றார். துரைக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் அந்த வாக்கியம் முழுசாக விளங்கிவிட்டது. ஆபீசே சிரித்தது. யாருடைய தலை என்று தேடவேண்டியிருக்கவில்லை, என் தலையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு துரை தன் சொந்தத் துவக்கை என்னிடம் துடைக்கத் தரவில்லை. டிஸ்பென்சரியில் கொண்டுபோய்க் கொடுத்தார். மருந்து கட்டுகிற கை சுத்தமான கை என்று காரணம் சொன்னார். ஏழு வருடமாக என் கையில் இருந்த துவக்கு அது.

அவர் எப்படித்தான் துடைக்கிறார் என்று பார்க்க, இல்லாத தலைவலிக்கு மாத்திரை கேட்டு ஒரு நாள் போனேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார். அதன்மேல் கையகலத் துண்டுகளாக வெட்டிய துணி. "ஆறு" என்று சொல்லித் தொடங்கினார். கோல் ஒரே துண்டாகக் கடைந்த தேக்கு, நுனியில் பித்தளைக் குமிழ். அதில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு மறுபக்கம் எடுத்தார். முடிந்ததும் அழுக்குத் துணிகளை வரிசையாக வைத்து விரலால் தொட்டு எண்ணினார். ஆறு. பிறகு துவக்கை மடித்து ஜன்னல் பக்கம் பிடித்து, முதலில் ஒரு குழல், பிறகு மற்றது, இரண்டுக்குள்ளும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"என்ன டொக்டர், துவக்குக்குப் பிரசவம் பாக்குறீங்களா?" என்றேன்.

"பிள்ளை பிறந்தாப் பிறகும் உள்ளுக்கை ஏதும் நிக்குதோ எண்டு பாக்கவேணும், கிளாக்கர்" என்றார், சிரிக்காமல். "காயம் தைக்கேக்கையும் இதுதான். உள்ளுக்கை போனது எத்தனை, வெளியிலை வந்தது எத்தனை."

நல்ல பழக்கம் என்று அந்த நிமிடமே தெரிந்தது. அதுதான் எரிச்சல். கெட்ட பழக்கமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்தக் கோலை ஃபெக்டரி ஆசாரி கடைந்து கொடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்து ஆசாரி என்னை வழியில் நிறுத்தினார். "ஐயா, ஒங்களுக்கும் ஒண்ணு கடைஞ்சு வச்சிருக்கேன். டாக்டரய்யாதான் சொன்னாரு, ஸ்டோருக்கும் ஒண்ணு வேணும்னு. வந்து எடுத்துக்கிறீங்களா?"

"அடுப்பு ஊதவா?" என்றேன். போகவில்லை.

பதிலுக்கு நான் செய்ததைக் கேளுங்கள். என் பெண்சாதியின் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வர இருந்தான். அவனுக்குச் செய்தி அனுப்பி ஒரு பெட்டி கொண்டுவரச் சொன்னேன். கறுப்புப் பெட்டி. திறந்தால் உள்ளே பஞ்சுமெத்தை, ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய குழி. மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற மினுங்கும் கம்பி. பித்தளைப் புருசு, நைலான் புருசு, கடைசியில் எண்ணெய் தடவுவதற்குக் கம்பளி உருண்டைகள் வேறு வேறு பருமனில்.

"எனக்கு ஒரு சென்ட் போத்தல் கொண்டாரச் சொல்லத் தோணல. துவக்குக்குக் குளிருக்குக் கம்பளி கொண்டாரச் சொல்லியிருக்காரு" என்று பெண்சாதி தன் தம்பியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கிற மாதிரி.

அவளுக்கு எங்கே விளங்கும்? அந்தப் பெட்டியை நான் துவக்குக்காகவா வாங்கினேன்? டிஸ்பென்சர் பார்ப்பதற்காக வாங்கினேன். தம்பிமாரே, தங்கச்சிமாரே, எதிராளி பார்ப்பதற்காக வாங்குகிற சாமான் ஒன்றும் வேலைக்கு உதவாது. ஒரு கோலில் மூட்டு இரண்டு இருந்தால் அதில் கழன்றுபோகிற இடம் இரண்டு. நுனியையும் சேர்த்தால் மூன்று. அடுப்பு ஊதுகிற குச்சியில் அப்படி ஒரு இடமும் கிடையாது. இந்தக் கணக்கை அப்போது நான் போடவில்லை. மினுக்கத்தைத்தான் பார்த்தேன்.

பெட்டி வந்த வாரம் ஏழாம் நம்பர் மலையில் ஒரு பன்றி கொழுந்தெடுக்கிற பெண்ணொருத்தியை முட்டித் தள்ளிவிட்டது. காலில் ஆழமான காயம். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். "பன்னிய வெரட்டுங்க, அப்பறம் மலைக்கு ஏறுறோம்" என்றார்கள். துரை வாட்சர் கருப்பையாவைக் கூப்பிட்டார்.

கருப்பையாவை உங்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் தோட்டத்தில் அவர் தப்பு மேளம் அடித்தால்தான் திருவிழா திருவிழா. சும்மா நிற்கும்போதும் விரல் சும்மா நிற்காது. அன்றும் பெரட்டுக் களத்தில் என் ஸ்டோர் வாசல் கதவில் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். "ஐயா, சீக்கிரம் குடுங்கய்யா. பனி வெலகுறதுக்குள்ள ஏறணும்."

சீக்கிரம் கொடுத்திருக்கலாம். துவக்கு முந்தின வாரம் துடைத்ததுதான். ஆனால் துரையின் சொந்தத் துவக்கைத் திருப்பிக் கொடுக்க டிஸ்பென்சர் அன்று களத்துக்கு வந்திருந்தார். இதைவிட நல்ல கூட்டம் எப்போது கிடைக்கும்? உள்ளே போய்க் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, வெளியே மேசை போட்டுத் திறந்தேன்.

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அய்யோ, மோதிரப் பெட்டி மாதிரி இருக்கே" என்றாள் ஒருத்தி. எனக்கு அது போதும். கம்பியைத் துண்டு துண்டாகப் பூட்டினேன். நுனிக்குக் கம்பளி உருண்டை. எங்கள் குழலுக்கு ஆன பருமன் ஒன்று இருந்தது. அதைவிட ஒரு சுற்றுப் பருத்ததும் இருந்தது. பருத்ததை எடுத்தேன். இறுக்கமாகப் போனால் நன்றாகத் துடைக்கும் என்பது நானே கண்டுபிடித்த விஞ்ஞானம். இடக் குழலுக்குள் திருகித் திருகி விட்டு இழுத்தேன். வலக் குழலில் பாதி வழியில் சிக்கியது. கொஞ்சம் மறுபக்கம் திருகி இழுத்தேன். கம்பி சுலபமாக வந்துவிட்டது.

சுலபமாக வந்தது ஏன் என்று கேட்கவேண்டிய நேரம் அது. கம்பியின் நுனியை நான் பார்க்கவில்லை. டிஸ்பென்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பார்த்து அவர் முகம் கொஞ்சம் வாடுகிறதா என்று. அது வாடவில்லை. அவர் அந்த முட்டுப்பட்ட பெண்ணின் புருஷனிடம் கட்டு நனையக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர், ரெடியா?" என்றார் துரை.

"ரெடி சேர்." துவக்கை மூடிக் கருப்பையாவிடம் கொடுத்தேன். தோட்டாக்களையும் கொடுத்தேன். அவர் கையெழுத்து வைத்துவிட்டு மலையேறினார். கம்பியைக் கழற்றிச் சுருட்டிய துணியோடு சேர்த்து உள்ளே கொண்டுபோனேன்.

தேத்தண்ணீர் குடித்தேன். உரத்துக்கு வந்த லொறியை இறக்கினேன். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் கழித்து, சாமான்களை அதனதன் குழியில் வைக்க உட்கார்ந்தேன். கம்பி மூன்று துண்டு. பித்தளைப் புருசு. நைலான் புருசு. சின்ன உருண்டை, நடு உருண்டை. பெரிய உருண்டையின் குழி காலி.

மேசைக்குக் கீழே பார்த்தேன். துணியை உதறினேன். பையைத் தடவினேன். வெளியே போய்க் களத்தில் குனிந்து தேடினேன். பத்து நிமிடம் தேடியிருப்பேன்.

அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். உருண்டை எங்கே இருக்கிறது என்று முதல் நொடியிலேயே எனக்குத் தெரியும். குழலுக்குள் அடைப்பு இருக்கும்போது வெடி வைத்தால் குழல் கிழியும். பிடித்திருக்கிற இடக்கை அதற்குச் சரியாகக் கீழே இருக்கும். தெரிந்துகொண்டும் தரையில் தேடினேன். ஏனென்றால் தரையில் கிடைத்தால் டிஸ்பென்சருக்குத் தெரியவேண்டியதில்லை. கருப்பையாவின் கை ஒரு தட்டில், அந்த மனிதர் என்னைப் பார்க்கப்போகிற பார்வை மறு தட்டில். பத்து நிமிடம் நான் இதை நிறுத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்களும் ஒரு நாள் நிறுப்பீர்கள். தரையில் எதையாவது தேடிக்கொண்டிருப்பதை உணர்ந்தால் உடனே நிமிர்ந்துவிடுங்கள்.

போன் போட்டேன். ஏழாம் நம்பரில் சிக்னல் இல்லை என்பது தெரிந்துதான் போட்டேன். ஓடிப்போய்ப் பிடிக்க முக்கால் மணி நேரம் வேண்டும், அதுவும் என் தொந்தியை ஸ்டோரில் கழற்றி வைத்துவிட்டு ஓடினால். மிச்சமிருந்தது ஃபெக்டரிச் சங்கு.

எங்கள் தோட்டத்தில் நேரமில்லாத நேரத்தில் சங்கு ஊதினால் இரண்டே அர்த்தம். தீப்பிடித்திருக்கும், அல்லது ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் மண் சரிந்திருக்கும். எந்த மலையில் நின்றாலும் கையிலிருப்பதை விட்டுவிட்டு எல்லாரும் கீழே ஓடி வரவேண்டும். அப்படித்தான் பழக்கம். சங்கு ஊதினால் கருப்பையா இறங்குவார். அவரோடு முழுத் தோட்டமும் இறங்கும்.

ஃபெக்டரிக்கு ஓடினேன். அங்கே பொறுப்பாக இருந்த டீமேக்கர் என்னைப் பார்த்ததும் எழும்பினார். "என்ன கிளாக்கர், மூச்சு வாங்குது?"

"சங்கு ஊதச் சொல்லுங்க. இப்பவே."

"எங்க தீ?"

"தீ இல்ல."

"மண் சரிஞ்சிருச்சா?"

"அதுவும் இல்ல. நான்தான். துவக்குக் குழலுக்குள்ள சாமான விட்டுட்டுக் கருப்பையாகிட்ட குடுத்துட்டேன்."

டீமேக்கர் போய்ச் சுவிட்சை அழுத்தினார். அந்தச் சங்கு என் காதுக்குள் இன்றைக்கும் நின்றபாடில்லை. ஊதிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளும் ஒரு வெடிச்சத்தம் கேட்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

எல்லா மலையிலிருந்தும் ஃபெக்டரி முன்னாலிருக்கிற பெரட்டுக் களத்துக்கு இறங்கினார்கள். கூடையோடு பெண்கள், கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள், பிள்ளைக் காம்பராவிலிருந்து இரண்டு கையிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆயாமார். "எந்த லயம்? எந்த லயம்?" என்று கேட்டுக்கொண்டு. டிஸ்பென்சர் கையில் கட்டுத் துணிப் பையோடு ஓடி வந்தார். அவரிடம் நானே போனேன். சொன்னேன். முகத்தைப் பார்க்காமல், அவர் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"எந்தக் குழல்?" என்று மட்டும் கேட்டார்.

"வலது."

"சரி." பையைத் திறந்து கட்டுத் துணிகளை எடுத்து, காலையில் நான் போட்ட மேசையில் அடுக்கத் தொடங்கினார். எதற்காக அடுக்குகிறார் என்று விளங்கியபோது மலைப் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கருப்பையா கடைசியாக வந்தார். வேர்த்து வழிந்து, கெட்ட கோபத்தில். துவக்கை மடித்துக் கைக்குக் குறுக்கே போட்டிருந்தார். "எந்தக் களவாணிப் பயய்யா சங்கு ஊதுனது? பன்னி இந்தா, இந்த மேசை தூரத்துல நிக்குது. குறி வச்சுட்டேன். வெரல் விசையில இருக்கு. ஊதிட்டானுங்க. பன்னி ஓடிருச்சு!"

டிஸ்பென்சர் துவக்கை வாங்கித் தோட்டாக்களை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, குழல்களை வானத்துக்குப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். பிறகு கருப்பையாவைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்கோ" என்று கொடுத்தார்.

கருப்பையா இடக் குழலைப் பார்த்தார். வலக் குழலைப் பார்த்தார். அதையே நெடுநேரம் பார்த்தார். துவக்கை மேசையில் வைத்தார். பிறகு தன் இடக்கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், அன்றுதான் யாரோ கொடுத்த மாதிரி.

டிஸ்பென்சர் ஆளனுப்பித் தேக்குக் கோலை வரவழைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். உருண்டை வெளியே விழுந்தது. தொடப்போன ஒரு பிள்ளையை ஆயா இழுத்துக்கொண்டாள். டிஸ்பென்சர் அதை எடுத்து என் கையில் வைத்தார். "பெட்டிக்கை வைச்சிட்டு ஒருக்கால் எண்ணுங்கோ" என்றார். குரலில் குத்தல் இல்லை, ஏளனம் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு அவரை வெறுத்திருக்கலாம். அந்த வசதியைக்கூட அந்த மனிதர் எனக்குத் தரவில்லை.

துரை அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதை டிஸ்பென்சரிடம் கொடுத்தார். ஒரு வருடம் அது டிஸ்பென்சரியில்தான் தொங்கியது. துவக்கு எடுக்க நான் அங்கே போய்க் கையெழுத்து வைப்பேன். துடைக்கும்போது வாய்விட்டு எண்ணச் சொல்வார். "ஆறு" என்பேன். முடிந்த பின் "ஆறு" என்பேன். வரிசையில் மருந்துக்கு உட்கார்ந்திருக்கிற கிழவிகளும் கூடச் சேர்ந்து எண்ணுவார்கள்.

அடுத்த வாரமே ஆசாரியிடம் போனேன். "எனக்கு ஒரு கோல் கடைஞ்சு வச்சிருந்தீங்களே?"

ஆசாரி தலையைச் சொறிந்தார். "நீங்கதான் வேணாம்னுட்டீங்களே ஐயா" என்று பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போனார். என் கோலில் அவரைக்கொடி ஏறிப் பூத்திருந்தது. காய்க்கும்வரை பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன். பணியில் இருந்த கடைசி நாள்வரை அந்தக் கோலால்தான் துடைத்தேன். அடிப்பக்கம் மண்ணில் இருந்த கறை கடைசிவரை போகவில்லை. கறுப்புப் பெட்டியில் இப்போது பெண்சாதி ஊசி நூல் வைத்திருக்கிறாள்.

டிஸ்பென்சர் எனக்கு ஒரு வருடம் முந்தி ஓய்வு பெற்றார். அவர் பிரியாவிடைக்குக் கருப்பையா ஒரு மணி நேரம் தப்பு அடித்தார். லயத்துப் பெண்கள் அழுதார்கள். என் பிரியாவிடைக்குக் கால் மணி நேரம், அதிலும் நடுவில் ஒரு தேத்தண்ணீர். மாலையை அணிந்துகொண்டு உட்கார்ந்து, மணிக்கூட்டைப் பார்த்து, எரிந்துகொண்டுதான் இருந்தேன். இது போகாது போலிருக்கிறது.

ஆனாலும் அந்தக் கால் மணி நேரத்தில் கருப்பையா தப்பை நெஞ்சோடு அணைத்து என் முன்னால் வந்து நின்று அடித்தார். வேகத்தில் விரல்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவர் நிறுத்தும்வரை காத்திருந்தேன். வலக்கையில் குச்சியோடு ஐந்து. தப்பின் விளிம்பில் இடக்கை, அதில் ஐந்து. வாய்விட்டு எண்ணிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண்சாதி, "என்ன பத்து?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சரியா இருக்கு" என்றேன்.